இன்க்ஜெட்டில் அச்சிட்ட மின்முனையால் நியூரான் சிக்னல் பிடிப்பது எப்படி?

வளர்ப்புத் தட்டில் ஒரு நியூரான் (நரம்பு செல்) சுடும்போது, அதாவது ஸ்பைக் என்னும் மின்துடிப்பை எழுப்பும்போது, அதன் சவ்வின் குறுக்கே ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் மாற்றம் நடக்கிறது. வெளியே பக்கத்தில் இருக்கும் மின்முனைக்கு வந்து சேர்வதோ பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். அதுவும் ஒரு மில்லிசெகண்ட், இரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். இவ்வளவு சின்ன சிக்னலைப் பிடிக்கும் மின்முனையை லித்தோகிராஃபி (ஒளியால் நுண்வடிவம் பொறிக்கும் முறை) வசதி இல்லாத ஆய்வகத்திலும் செய்ய முடியும். டிசைன் சரியில்லையா? கணினியில் படத்தைத் திருத்தி அன்றைக்கே மறுபடி அச்சிடலாம். எனக்கு இந்த முறை பிடித்ததே அதனால்தான்.

படி 1: தளமும் மையும்

கண்ணாடி அல்லது பாலிஇமைடு (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி நானோதுகள் மை விலை குறைவு, சுலபமாக அச்சாகும். ஆனால் அதிலிருந்து கசியும் வெள்ளி அயனி செல்லைக் கொன்றுவிடும். அதனால் கம்பித் தடங்களுக்குத் தங்க மை, திசு தொடும் முனைக்குப் பெடாட்-பிஎஸ்எஸ் என்னும் மின்கடத்தும் பாலிமர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தளத்தை ஐசோபுரோப்பனாலில் கழுவி, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சில நிமிடம் வையுங்கள். இதை விட்டால் மை சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் போல உருண்டு நிற்கும்.

படி 2: அச்சிடுதல்

10 பிக்கோலிட்டர் துளியின் விட்டம் காற்றில் 27 மைக்ரான். தளத்தில் விழுந்ததும் இன்னும் பரவும். ஆகவே முதல் முயற்சிக்கு 50 மைக்ரான் விட்டமுள்ள மின்முனை போதும். முதலில் ஒரே ஒரு கோடு அச்சிட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மணிமணியாக அறுந்திருந்தால் துளி இடைவெளி அதிகம். அங்கங்கே புடைத்திருந்தால் குறைவு.

தங்கத்தை மை தயாரிப்பாளர் சொல்லும் சூட்டில் சுட்டெடுங்கள். பெடாட் மையில் 1 சதவீதம் ஜிஓபிஎஸ் என்ற சிலேன் சேர்த்து 140 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். ஜிஓபிஎஸ் இல்லாவிட்டால் படலம் ஊறி, உப்பி, தளத்தை விட்டு உரிந்துவிடும்.

படி 3: காப்புப் படலம்

முனையை மட்டும் திறந்துவிட்டு, தடங்கள்மேல் எஸ்யு-8 என்னும் மின்காப்புப் பிசினை அச்சிட வேண்டும். தயவுசெய்து இங்கே அவசரப்படாதீர்கள். என் முதல் தொகுப்பு மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று இருந்தது. நேராகச் செல்களைப் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பாதிச் சேனலில் (ஒரு மின்முனைக்கு ஒரு சேனல்) ஒன்றுமில்லை. காப்பில் இருந்த ஊசித்துளை அளவு ஓட்டை கண்ணுக்குத் தெரியவே இல்லை.

படி 4: உப்புநீர்ச் சோதனை

பாஸ்பேட் உப்புக் கரைசலில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸில், 10 மில்லிவோல்ட் கொடுத்து இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) பாருங்கள். 50 மைக்ரான் வெறும் தங்கம் சில நூறு கிலோஓம் காட்டும். பெடாட் பூசியது சில பத்துக்கு இறங்க வேண்டும். ஒரு சேனல் மட்டும் மிக அதிகமா? காப்பு மை வழிந்து முனையை மூடியிருக்கலாம், தடம் அறுந்திருக்கலாம். மிகக் குறைவா? காப்பில் ஓட்டை.

இதில் ஏன் இவ்வளவு கறார்? 1 மெகாஓம் தடை 37 டிகிரியில், 3 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், தானாகவே 7 மைக்ரோவோல்ட் இரைச்சல் போடும். அதன்மேல் 30 மைக்ரோவோல்ட் ஸ்பைக்கை நம்பிப் பிரிக்க முடியாது. ஓரிரவு 37 டிகிரியில் ஊறவிட்டு, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். படலம் உரிவதாக இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

படி 5: செல்கள்

வளர்ப்பு வளையம் ஒட்டி, 70 சதவீத எத்தனாலில் கிருமி நீக்கி, செல்கள் ஒட்டிக்கொள்ள பாலி-டி-லைசின், லாமினின் பூசுங்கள். எலிக்கரு மூளைப் புறணி நியூரான்கள் பழக ஏற்றவை. விலங்கு நெறிக்குழு அனுமதி கட்டாயம். 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. ஒரு வாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்பைக் வரும். இரண்டு, மூன்று வாரத்தில் தட்டு முழுவதும் உள்ள நியூரான்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஸ்பைக் கொட்டும். திரையில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் எழுந்து அடங்குவதை முதல்முறை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

படி 6: பதிவு

ஒப்பீட்டு மின்முனைக்குப் பிளாட்டினக் கம்பி நல்லது. வினாடிக்கு 20,000 மாதிரி எடுங்கள். 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். மின்சார லைனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால் சுற்றிலும் உலோகக் கூண்டு வைத்து அதை எர்த் செய்யுங்கள். இரைச்சலைப் போல 5 மடங்கைத் தாண்டுவதை ஸ்பைக் என்று எண்ணலாம்.

அப்புறம் கடைசிச் சோதனை: 1 மைக்ரோமோலார் டெட்ரோடோடாக்சின். கொடிய விஷம், கையுறையோடு, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள். சோடியம் வாயில்கள் அடைபட்டு, நிஜமான ஸ்பைக்குகள் நிமிடங்களில் நின்றுபோகும். அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு சேனல் துடித்துக்கொண்டிருந்தால் அது நியூரான் இல்லை. அந்தச் சேனலின் காப்புப் படலத்தை மறுபடி பாருங்கள்.