கார்னேஷன் கொத்து: யாருக்கு எந்த நிறம், வாடாமல் வைப்பது எப்படி

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் கார்னேஷன் பூ பெரும்பாலும் 20 தண்டு கொண்ட கட்டாகத்தான் கிடைக்கும். ஒரு கட்டு வாங்கினால் ஒரு நல்ல கொத்து ஆகிவிடும். கட்டில் கை வைப்பதற்கு முன்னால் நிறத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. நிறம்

போனில் ஆர்டர் கொடுக்கும்போது "கார்னேஷன் கலர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். லத்தீனில் சதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. மேலைநாட்டு ஓவியர்கள் மனித மேனிக்குத் தீட்டும் நிறத்தையும் கார்னேஷன் என்றே சொன்னார்கள். அதனால் நிற அட்டையில் அந்தப் பெயர் பெரும்பாலும் வெளிர் ரோஸைக் குறிக்கும். பூவிலோ சிவப்பு, வெள்ளை, மஞ்சள், வரி போட்டது என்று எல்லாமே உண்டு.

அம்மாவுக்கு ரோஸ். காதலுக்கு அடர் சிவப்பு, பாராட்டுக்கு வெளிர் சிவப்பு. வெள்ளையில்தான் கவனம் வேண்டும். 1908-ல் அமெரிக்காவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்தில் நடந்த அன்னையர் தின வழிபாட்டுக்கு அன்னா ஜார்விஸ் 500 வெள்ளை கார்னேஷன் அனுப்பினார். அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ அது. பிறகு அங்கே, இறந்த தாய்க்கு வெள்ளை, உயிரோடு இருக்கும் தாய்க்கு வண்ணப்பூ என்று வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதானால் வெள்ளையைத் தவிருங்கள்.

மேலைநாட்டுப் பூமொழியில் மஞ்சள் ஏமாற்றம், வரி போட்டது மறுப்பு. நம் வீடுகளில் மஞ்சள் மங்கலம். அல்சூரில் இருக்கும் அத்தைக்குக் கொடுக்க யோசிக்கவே வேண்டாம்.

2. பூவைப் பார்த்து எடுப்பது

பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். அது வெடித்திருந்தால் இதழ்கள் ஒரு பக்கமாகச் சரியும். மொட்டுப் பருவத்தில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் இப்படி வெடிக்கும். இதழ் நடுவிலிருந்து வெள்ளை நூல்போல இரண்டு சுருள் எட்டிப் பார்த்தால் பூ பழசு. பாதி விரிந்ததே நல்லது.

3. வெட்டுவதும் தண்ணீரும்

தண்டில் கணு புடைத்திருக்கும் இடத்தில் வெட்டாதீர்கள், தண்ணீர் சரியாக ஏறாது. இரண்டு கணுவுக்கு நடுவே, கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

கண்ணாடிக் குவளையில் 1 லிட்டர் தண்ணீர், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலக்கி, கடைசியில் கால் தேக்கரண்டி பிளீச் (துணி வெளுக்கும் திரவம்) விடுங்கள். சாறையும் பிளீச்சையும் தண்ணீர் இல்லாமல் நேராகக் கலந்தால் நச்சு வாயு வரும். பிளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் கிருமி பெருகித் தண்டை அடைத்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டு நுனியையும் கொஞ்சம் வெட்டுங்கள்.

4. வைக்கும் இடம்

அதிகம் பேர் பூவை இழப்பது இங்கேதான். விசேஷ வீட்டில் கொத்தைத் தாம்பூலத் தட்டில், வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவோம். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும். கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது. இதழ் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு பூ மூடிக்கொள்ளும். அப்படி மூடிய பூ தண்ணீர் மாற்றினாலும் திரும்ப விரியாது. பழம் கூடத்தில் இருந்தால் கொத்து வேறு அறையில் இருக்கட்டும், தட்டில் வைப்பதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளுங்கள்.