ஜெராக்ஸ் கடைக் கணினியில் யாருடைய வாட்ஸ்அப்?

போன மாதம் வாடகை ஒப்பந்தத்துக்காக ஆதார் நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைத் தம்பி பிரவுசரைத் திறந்ததும், எனக்கு முன்னால் வந்துபோன யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப் அப்படியே விரிந்தது. மேலே ‘அம்மா’, அடுத்து ‘ஸ்கூல் வேன் அண்ணன்’, அதற்குக் கீழே ஏதோ நகைச்சீட்டுக் குழு. பிரிண்ட் எடுக்க கியூஆர் கோடை ஸ்கேன் செய்து தன் வாட்ஸ்அப்பை அந்தக் கணினியில் திறந்தவர், லாக் அவுட் செய்யாமலே கிளம்பியிருக்கிறார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூன்று செய்திகள் வந்து விழுந்தன. தம்பியிடம் சொல்லி உடனே வெளியேறச் செய்தேன்.

“வாட்ஸ்அப்பில்தான் என்க்ரிப்ஷன் இருக்கிறதே, யார் படிக்க முடியும்?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டி அனுப்புகிற இந்த ‘முனைக்கு முனை என்க்ரிப்ஷன்’ 2016 முதல் எல்லோருக்கும் இருப்பது உண்மைதான். செய்தி போகிற வழியில் யாராலும் படிக்க முடியாது, அந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆனால் அனுப்புகிறவர் கையிலும் வாங்குகிறவர் கையிலும் அது திறந்துதான் இருக்கும். நாம் ஸ்கேன் செய்த கடைக் கணினியும் நம் கைபோலத்தான்.

இன்னொன்று, ‘போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோமே, இனி அங்கே ஓடாது’ என்ற நம்பிக்கை. முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது போன் அணைந்து கிடந்தாலும் இணைத்த கணினியில் வாட்ஸ்அப் தனியாக ஓடும். போனிலுள்ள வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைத் திறந்தால் எங்கெங்கே நம் கணக்கு திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும். தெரியாத பெயரைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தால் முடிந்தது.

சரி, ஸ்கேன் செய்யாமல் கடை நம்பருக்கே ஆதாரை அனுப்பிவிட்டு, பிரிண்ட் வந்ததும் ‘டிலீட் ஃபார் எவ்ரிஒன்’ கொடுத்தால்? அது சாட்டிலிருந்துதான் போகும். கடைக்காரர் டவுன்லோட் செய்த கோப்பு அவருடைய கணினியில் பத்திரமாக இருக்கும். அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள், ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் பான் கார்டும் வரிசையாக நிற்கும். தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அழிக்கச் சொல்லி நாம் கேட்பதில்லை. காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து. ஆதார் இணையதளத்திலேயே கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு’ ஆதார் கிடைக்கிறது. முழு எண் கட்டாயம் என்று சொல்லாத இடங்களில் அதைக் கொடுப்பதே நல்லது.

பேக்கப்பை யாரும் கவனிப்பதில்லை. கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிற பேக்கப்புக்கும் என்க்ரிப்ஷன் போடும் வசதி 2021இல் வந்தது. ஆனால் அதை நாம்தான் ‘சாட் பேக்கப்’ பகுதியில் போய் இயக்க வேண்டும். அதற்கு வைக்கிற பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப்பால் அதை மீட்டுத் தர முடியாது.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கையைப் பார்த்துப் பயந்து, ‘இதுதான் பாதுகாப்பு’ என்று டெலிகிராமுக்கு மாறியவர்கள் பலர். அது தவறான கணிப்பு. டெலிகிராமில் சாதாரண சாட்டுகளுக்கு இந்த முனைக்கு முனை என்க்ரிப்ஷன் கிடையாது, ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. குழுக்களுக்கு அதுவும் இல்லை. மாறத்தான் வேண்டுமென்றால் நான் ‘சிக்னல்’ செயலியைச் சொல்வேன்.

கடைசியாக, “என் கோடு தவறுதலாக உங்கள் நம்பருக்கு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று வருகிற செய்தி. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அந்த 6 இலக்கம் உண்மையில் நம் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க நமக்கு வருகிற கோடு. அதைச் சொன்னால் அடுத்துப் பறிபோவது நம்முடையது. அப்புறம் நம் பெயரில் உறவுக்காரர்களிடம் பணம் கேட்பார்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டிருந்தால், கோடு கிடைத்தாலும் நாம் வைத்த ‘பின்’ நம்பர் இல்லாமல் உடனே உள்ளே வர முடியாது. அம்மாவின் போனில் அதைப் போட்டபோது, பின் மறந்தால் மாற்றிக்கொள்ள என் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துவிட்டேன். அவ்வப்போது வாட்ஸ்அப் அந்தப் பின்னைக் கேட்கும். அம்மா மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் போடுவார்.