மண்ணில் தங்கிய பெற்றோல் ஆவி: பரிசோதனையில் விடப்படும் பிழைகள்

எரிபொருள் நிரப்பு நிலையத்தின் நிலத்தடித் தாங்கி கசிந்தால், ஒழுகிய பெற்றோலில் ஒரு பங்கு நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணிலேயே தங்கிவிடும். அங்கே துளைக்குழாய் இறக்கி, காற்றோடு சேர்த்துப் பெற்றோல் ஆவியையும் உறிஞ்சி எடுப்பது நல்லதொரு துப்புரவு முறை. முழு அமைப்பையும் நிறுவுமுன் ஓரிரு குழாய்களில் பரிசோதிப்பார்கள். அதில் பிழை விட்டால் பிறகு கொட்டும் பணம் வீண். யாழ்ப்பாணத்தில் அது பணத்தோடு நிற்காது, அயலவரின் குடிநீர்க் கிணறும் போய்விடும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல்தான் தீர்ப்பு வந்தது.

பெரிய பிழை, ஆவணி வெயிலில் ஒருமுறை பரிசோதித்து, அந்த முடிவை வருடம் முழுவதற்கும் நம்புவது. கோடையில் காய்ந்து காற்றோடும் மண், கார்த்திகை மழையில் நீரில் ஊறிவிடும். ஈரம் அடைத்த மண்துளைகளில் காற்று நுழையாது. நீர்மட்டம் மூன்று மீற்றருக்குக் கீழே இருந்தால் இந்த முறை நன்றாக வேலை செய்யும். ஒரு மீற்றருக்குள் ஏறிவிட்டால் பயனில்லை. மாரியிலும் அளக்காத பரிசோதனை பாதிப் பரிசோதனைதான்.

உறிஞ்சலே நீரை உயர்த்தும் என்பதையும் பலர் மறக்கிறார்கள். நூறு சென்ரிமீற்றர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமமான விசையில் உறிஞ்சினால், குழாயைச் சுற்றி நீர் ஏறத்தாழ ஒரு மீற்றர்வரை மேலெழும். ஆவி வரவேண்டிய துளைகளை அந்த நீரே மூடிவிடும். வெளியே மானி அழகாக வாசிப்புக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே காற்று வரும் வழி அடைபட்டுக்கொண்டிருக்கும். உறிஞ்சும்போதே குழாய்க்குள் நீர்மட்டத்தை அளக்க வேண்டும்.

அடுத்தது எங்கள் சுண்ணாம்புக்கல். தொலைவிலுள்ள அவதானிப்புக் குழாயில் அழுத்தம் குறைந்ததும், “இவ்வளவு தூரம் இழுக்கிறது” என்று மகிழ்கிறார்கள். ஒரே வெடிப்பின் வழியாகக் காற்று ஓடியிருந்தாலும் வாசிப்பு அப்படித்தான் இருக்கும். பக்கத்துச் செம்மண்ணில் ஊறிய பெற்றோல் அசையாமல் கிடக்கும். வெவ்வேறு திசைகளிலும் ஆழங்களிலும் அளந்தால்தான் உண்மை தெரியும். குழாயைச் சுற்றிய அடைப்பு சரியில்லாவிட்டால் மேற்பரப்புக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருப்போம்.

டீசலும் மண்ணெண்ணெயும் கசிந்த இடத்தில் பெற்றோலுக்குரிய பலனை எதிர்பார்க்கக் கூடாது. அவை எளிதில் ஆவியாகாதவை. அங்கே காற்றை மெதுவாகச் செலுத்தி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்க விடுவதே பொருத்தம்.

தொடங்கிய சில மணி நேரத்தில் வரும் ஆவியின் செறிவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். துளைகளில் ஏற்கெனவே தேங்கியிருந்த ஆவி அது. அதை வைத்து மாதக் கணக்குப் போடுவது தவறு. சில நாள் ஓட்டி, நிறுத்தி, இடைவெளி விட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். செறிவு திரும்ப ஏறினால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். மாதிரியையும் வெளிக்காற்று கலப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். கலந்த பிறகு எடுத்தால் எண் குறைந்து தெரியும்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். காற்றில் பெற்றோல் ஆவி 1.4 முதல் 7.6 வீதம் இருந்தால் ஒரு பொறி போதும். தீப்பொறி எழாத மோட்டரையே பயன்படுத்துங்கள். வெளியேறும் காற்றை, ஆவியைப் பிடித்துவைக்கும் செயலூட்டிய கரிவழியே செலுத்துங்கள்; அதிலுள்ள பென்சீன் புற்றுநோய் தருவது, மதிலுக்கு அப்பால் குழந்தைகள் விளையாடும் முற்றம் இருக்கும்.