மாரிக்கு முன் சமையலறைச் சிங்கின் அடியிடத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பல வீடுகளில் சமையலறைச் சிங்க் ஒரு கொங்கிறீற் தட்டில் பதிக்கப்பட்டிருக்கும். இருபுறமும் கற்சுவர், முன்பக்கம் அலுமினியக் கதவு அல்லது ஒரு சீலைத் திரை, பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வளவுப் பக்கம் செல்லும் கழிவுநீர்க் குழாய் என்பதே அதன் அமைப்பு. இந்த இடத்தை முதன்முறையாக ஒழுங்குபடுத்த முனைபவர் அதை ஓர் அலுமாரியாகக் கருதக் கூடாது. அது ஈரம் தங்கும் இடம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள கல்லடி போன்ற ஊர்களிலும், கல்முனை, திருக்கோவில் போன்ற கரையோர ஊர்களிலும் உப்புக் காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஈரம் ஏறிய பலகை ஊதிவிடும். ஆகவே எவ்வளவு பொருளை அடுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன், குழாய் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும், உள்ளே காற்றுப் புக வேண்டும் என்ற மூன்றையும் உறுதிசெய்ய வேண்டும்.

இந்த வேலைக்குக் கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களே உகந்தவை. ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் கழுவிய தரையும் பூசிய சீமெந்தும் காய்வது கடினமாகிவிடும்.

முதற்படி: முழுவதையும் வெளியே எடுத்தல்

பாதியை உள்ளே வைத்துக்கொண்டு மீதியைத் துடைப்பது பயன் தராது. எல்லாவற்றையும் முற்றத்தில் பழைய பாயொன்றை விரித்து வையுங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, மா, மருந்து, தீப்பெட்டி ஆகியவை மீண்டும் சிங்கின் அடிக்குச் செல்லக் கூடாது. அட்டைப் பெட்டிகளும் கடதாசிப் பைகளும் அப்படியே. ஈரப்பட்ட அட்டை கரப்பானுக்கு ஒளிவிடமும் கறையானுக்கு உணவும் ஆகும்.

12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரைப் பலர் இடவசதி கருதி இங்கேயே வைக்கின்றனர். அதை வெளியே எடுத்துவிடுமாறு வற்புறுத்தியே கூறுவேன். சமையல் எரிவாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் மேலெழாமல் தரையோடு தேங்கும், மூடிய கதவுக்குள் அது வெளியேற வழியிராது. சிலிண்டரின் அடிவளையமும் ஈரத்தில் அரித்துப்போகும். காற்றோட்டமுள்ள இடத்தில் அதை நிமிர்த்தி வைப்பதே முறை.

இரண்டாம் படி: கசிவு தேடுதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு அழகிய கூடைகளை வாங்குவதில் பொருளில்லை. சிங்கின் துவாரத்தை அடைத்து, அரைவாசிக்கு நீர் நிரப்புங்கள். பின்னர் குழாயின் ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, பத்திரிகைத் தாளைச் சுற்றிக் கட்டி, நீரை ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அந்தப் பொருத்தில்தான் கசிவு உள்ளது. கையால் இறுக்கும் பிளாஸ்டிக் மரையாயின், கழற்றி உள்ளிருக்கும் றப்பர் வளையத்தைப் பாருங்கள். அது காய்ந்தோ வெடித்தோ இருந்தால் அதே அளவில் புதியதை ஹாட்வெயார் கடையில் வாங்கி மாற்றுவது போதும். வெள்ளை நிறத் திரெட் டேப் தண்ணீர் வரும் குழாயின் மரைக்கு உரியது. றப்பர் வளையம் உள்ள கழிவுக் குழாய்ப் பொருத்தில் அதைச் சுற்றுவதால் பயனில்லை.

சிங்கின் கீழே வளைந்து நிற்கும் பகுதியில் எப்போதும் சிறிது நீர் தேங்கியிருக்கும். வெளிக்கானின் நாற்றமும் பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த நீர்தான். சில நாட்கள் ஊருக்குச் சென்று திரும்பும்போது சிங்கில் நாற்றம் வீசினால், அந்த நீர் வற்றியிருக்கக்கூடும். ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். வளைவுக்குள் தேங்காய்ப்பூவும் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் படிந்து அடைப்பதும் உண்டு. அதைக் கழற்றிக் கழுவுமுன் கீழே ஒரு வாளி வையுங்கள்.

கசிவைத் திருத்தும் வரை வாளி வைத்துச் சமாளிப்பவர்கள் அதை நாளாந்தம் ஊற்றிவிட வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏறத்தாழ ஒரு வாரமே போதும். இருண்ட மூலையில் மறந்துபோன வாளி அதற்கு மிகவும் வசதியான இடம். முட்டைகள் வாளியின் உட்சுவரில் ஒட்டியிருக்குமாதலால், நீரை ஊற்றியதோடு நிறுத்தாமல் தும்பால் தேய்த்தும் கழுவுங்கள்.

மூன்றாம் படி: ஓட்டையும் தரையும்

குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தைச் சுற்றி இடைவெளி விட்டிருப்பது வழக்கம். ஒரு பென்சில் தடிப்புள்ள இடைவெளியே சுண்டெலி நுழையப் போதுமானது. வளவுப் பக்கம் வாழையோ புதரோ இருந்தால் கரப்பானோடு பாம்பும் வரக்கூடும். துருப்பிடிக்காத கம்பித் தும்பை இடைவெளிக்குள் அழுத்தி, மேலே சீமெந்தையோ சிலிக்கனையோ பூசுங்கள். பின்னர் தரையைச் சவர்க்கார நீரால் கழுவி, கதவைத் திறந்தபடியே ஒரு முழு நாள் காயவிடுங்கள். தரையில் பத்திரிகை விரிக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் மேசைவிரிப்பை அளவாக வெட்டி விரித்தால் கசிந்த நீர் உடனே கண்ணில் படும், துடைப்பதும் எளிது.

நான்காம் படி: அளந்த பின் வாங்குதல்

கடைக்குச் செல்லுமுன் சுவருக்குச் சுவர் உள்ள அகலம், கதவிலிருந்து பின்சுவர் வரையான ஆழம், தரையிலிருந்து குழாய் வளைவின் அடி வரையான உயரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் மூன்றாவதை மறந்துவிடுவதால், வாங்கிய இறாக்கை குழாயில் இடித்து நிற்கிறது. குழாய்க்கு நேர் கீழே எதையும் நிரந்தரமாக வைக்காமல், அதன் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் தனித்தனி இடங்களாகக் கொள்ளுங்கள். பக்கவாட்டில் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகள் மிகப் பொருத்தமானவை. ஆழமான இடமாயின் ஒன்றன்பின் ஒன்றாக இரு சிறு கூடைகளை வைப்பதிலும், பின்சுவர் வரை நீளும் ஒரே கூடையை வைத்து இழுப்பறை போல முன்னே இழுப்பதே நல்லது.

சுவருக்குச் சுவர் அரை அங்குலப் பிவிசி குழாயொன்றைத் தாங்கிகளில் பொருத்தினால், விசிறும் போத்தல்களை அவற்றின் விசையில் தொங்கவிடலாம். ஈரத் துணியும் அதில் காயும். கதவின் உட்பக்கத்தில் கையுறைக்கும் தூரிகைக்கும் இரண்டு கொளுக்கிகள் போதும்.

ஐந்தாம் படி: நஞ்சைப் பிரித்தல்

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் தும்பும் தவிர வேறெந்தத் துப்புரவுப் பொருளும் சிங்கின் அடியில் இருக்கக் கூடாது. கழிவறைக்கு ஊற்றும் அமிலம், அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பூட்டுள்ள உயர்ந்த இறாக்கையில் வையுங்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டிலும் காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் ஈரமான இடத்துக்கு ஏற்றவையல்ல. முன்னையது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும், நீர் பட்டால் கடுமையாகச் சூடேறும். பின்னையது வலுவிழப்பதோடு அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டையும் ஒரே கூடையில் வைக்கவே வேண்டாம்.

எந்தத் திரவத்தையும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு மண்ணெண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகவே தெரியும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகும், அமிலம் தொண்டையை மீண்டும் எரிக்கும். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து, குடித்த போத்தலையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஆறாம் படி: அடுக்குதல்

நாளாந்தம் எடுக்கும் சவர்க்காரம், தும்பு, துணி கூடையின் முன்பக்கத்தில் இருக்கட்டும். குப்பைப் பை, மேலதிகத் தூரிகை போன்றவை பின்னால் செல்லலாம். தண்ணீரை நிறுத்தும் வால்வு உள்ளே இருந்தால் அதன் முன்னால் எதையும் வைக்க வேண்டாம். குழாய் வெடித்த நேரத்தில் கூடை கூடையாக அகற்றிக்கொண்டிருக்க முடியாது. சிறு பிள்ளைகள் இல்லாத வீட்டில் தரை கழுவும் திரவங்களை இங்கே வைப்பவர்கள் அவற்றைப் பிடியுள்ள ஒரே வாளியில் சேர்த்து வைத்தால், வீடு முழுவதும் எடுத்துச் செல்லவும் வசதியாயிருக்கும்.

இந்த வாளிக்கு இன்னொரு பயனும் உண்டு. 2011 சனவரி வெள்ளத்தைப் போல மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நீர் வீட்டுக்குள் ஏறும் நாட்களில், தரையோடு இருக்கும் திரவங்களே முதலில் மிதந்து கலக்கின்றன. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் ஒரே கையால் தூக்கி மேல் தட்டில் வைத்துவிடலாம். மாரி முடியும் வரை வாரம் ஒருமுறை கூடைகளை இழுத்து, குழாயின் அடியைக் கையால் தடவிப் பார்த்து, வெயில் தலைகாட்டும் நேரம் கதவைத் திறந்து வையுங்கள்.