அட்வான்ஸ் பணம் வந்து சேராதபோது கேட்க வேண்டிய எண்

வீட்டைக் காலி செய்தபின் உரிமையாளர் நெஃப்ட் (NEFT) என்னும் வங்கிப் பணப் பரிமாற்ற முறை வழியாக அனுப்பிய அட்வான்ஸ் தொகை உங்கள் கணக்கில் ஏறவில்லை என்றால், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல், அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய அடையாள எண்ணான யூடிஆர் (UTR) எண்ணைக் கேட்டு வாங்கி, அதைக் குறிப்பிட்டு உங்கள் வங்கியில் எழுத்து மூலம் புகார் அளியுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் அவர் கணக்கில் பணம் கழிந்ததை மட்டுமே காட்டும். யூடிஆர் எண் இருந்தால்தான் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட முடியும். பணம் பெறும் வங்கி, தொகுதித் தீர்வு (பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாக வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்ப்பது) முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் தொகையை வரவு வைக்க வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் ரெப்போ விகிதத்துடன் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்காமலேயே தர வேண்டிய வட்டிதான். ஆனாலும் புகாரில் அதையும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

உரிமையாளரே கணக்கு எண்ணைத் தவறாகப் பதிவு செய்திருந்தால் இந்த வழி உதவாது. நெஃப்டில் பெயரைப் பாராமல் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கப்படலாம் என்பதால், அப்போது அவர்தான் தம் வங்கியை அணுக வேண்டும்.