லைசென்ஸ் இல்லாத துணைவர் காரை ஓட்டினால்: உரிமையாளர் அறிந்து செய்ய வேண்டியவை

பொள்ளாச்சி தாண்டிக் கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரை உள்ள தோட்டக்காரக் குடும்பங்களில் கார் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். தோப்புத் தடத்திலேயே ஓட்டிப் பழகிவிட்ட மனைவி, அவசரம் என்றால் அதைச் சாலைக்கும் எடுத்து வருவார். தோப்புக்குள் ஓட்டும்வரை யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. கேட்டைத் தாண்டிப் பொதுச் சாலையில் சக்கரம் பட்டதும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருவரையும் பிடிக்கிறது: ஓட்டியவர் மீது 181ஆம் பிரிவு, ஓட்ட விட்ட உரிமையாளர் மீது 180ஆம் பிரிவு. இரண்டுக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழக-கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் என்றாலும் அந்தப் பக்கம் என்றாலும் பிரிவுகள் இவையே.

அபராதம் கட்டித் தீர்ந்துவிடும். குடும்பத்தை உலுக்குவது நஷ்டஈடு. விபத்தில் பிறர் இறந்தாலோ காயமடைந்தாலோ தேர்ட் பார்ட்டி காப்பீடு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி பாதிதான் சரி. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு, விபத்து நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிடுவதுண்டு. வழக்கறிஞர்கள் இதைப் 'பே அண்ட் ரெக்கவர்' என்பார்கள். இப்படி வசூலிக்க நிறுவனம் தனி வழக்குப் போட வேண்டியதில்லை. அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனுப் போட்டு, ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சொத்தை நோக்கி வரலாம். அன்று அவர் ஊரிலேயே இல்லை என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது.

லைசென்ஸ் இல்லை என்பதைக் காட்டினால் மட்டும் நிறுவனம் தப்பிவிட முடியாது, உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ விதியை மீறினார் என்றும் நிரூபிக்க வேண்டும் என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் போலி லைசென்ஸ் காட்டி ஏமாற்றியிருந்தால் இந்த வாதம் உரிமையாளருக்கு உதவும். கணவன் மனைவிக்குள் அது எடுபடுவது கடினம். சாவி கூடத்து ஆணியில் தொங்கும் வீட்டில், மனைவிக்கு லைசென்ஸ் இல்லை என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் எந்த நீதிபதி நம்புவார்?

புல் கவர் எடுத்திருந்தாலும் சொந்தக் காரின் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் இதே காரணத்தால் நிராகரிக்கலாம். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே உரியது. தவறாக ஓட்டியவரே காயமடைந்தால் அவர் 'தேர்ட் பார்ட்டி' ஆகவும் மாட்டார்.

ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸ் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஸ்கூட்டருக்கு எடுத்த லைசென்ஸ் காருக்குச் செல்லாது. வாகன வகை இருக்கும் இடத்தில் எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகனம்) என்று அச்சாகியிருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். லைசென்ஸே இல்லையென்றால் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுவதே நேர்வழி. அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் நிரந்தர லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டுவதைப் பாலிசியும் ஏற்கிறது, ஆனால் விதிப்படி ஓட்ட வேண்டும்: முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் அந்த நிபந்தனை மீறப்பட்டதாகவே ஆகும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் காயமடைந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கும், தாமதமின்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள். விபத்து எந்த நிலைய எல்லையில் நடந்ததோ அந்த நிலையமே வழக்கை விசாரிக்கும். கேரளப் பக்கத்தில் சிறு சேதமாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் கேட்பது ஜி.டி. என்ட்ரி (காவல் நிலையப் பொது நாட்குறிப்புப் பதிவு) நகல், மலையாளத்தில் எழுதியதை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் யாராவது, 'ஓட்டினது நான்தான்னு நீங்க ஒத்துக்குங்க மாப்பிள்ளை, உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே' என்பார்கள். ஒருபோதும் இணங்காதீர்கள். டோல்கேட் கேமரா, செல்போன் டவர் பதிவு, எதிர்த்தரப்புச் சாட்சி ஆகியவற்றுள் ஒன்று போதும், அது பொய்யென்று ஆகிவிட. பிறகு காப்பீடும் போய், பொய்த்தகவல் கொடுத்த குற்றமும் சேரும். உயிரிழப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய வழக்கு, ஓட்டாதவர் தலையில் விழும்.

பாதிக்கப்பட்டவர் விபத்து நடந்த இடத்திலோ, தாம் வசிக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலோ மனுப் போடலாம் என்பதால், தீர்ப்பாய நோட்டீஸ் பாலக்காட்டிலிருந்தும் வரலாம், கோவையிலிருந்தும் வரலாம். காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று ஆஜராகாமல் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், அதாவது நீங்கள் இல்லாமலே விசாரணை நடந்தால், தெரிந்தே மீறினார் என்ற நிறுவனத்தின் வாதத்துக்கு மறுப்புச் சொல்ல ஆளிருக்காது. பாலிசி, ஆர்.சி., எல்.எல்.ஆர். இருந்தால் அதன் நகல், அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் லைசென்ஸ் ஆகியவற்றோடு சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு எதிர்த்தரப்பு.