பாட்டெழுதுபவர்கள் ஒத்துப்போகாதபோது ஆல்பம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் ஒரு ஸ்டுடியோவில் நான்கு பையன்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பாட்டெழுதும் இருவருக்குள் வாக்குவாதம். கீபோர்டு வாசிக்கும் பையன் தன் பாட்டு நோட்டை மடியில் வைத்தபடி மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குழுவிலும் இதேதான் நடந்தது. சுருதி விலகுவது, தாளம் ஓடுவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

மூன்றாமவர் பாட்டைக் கடைசிக்குத் தள்ளுவது

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு 1968இல் போட்ட வெள்ளை அட்டை இரட்டை ஆல்பத்தில் 30 பாடல்கள். பெரும்பாலும் எழுதியது ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும்தான். மூன்றாவதாக எழுதிய கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கிடைத்தது நான்கு. 'வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டில் மற்றவர்கள் அக்கறை காட்டவில்லை என்று அவர் தன் நண்பர், கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனைக் கூட்டிவந்தார். வெளியாள் வந்ததும் எல்லாரும் ஒழுங்காக வாசித்தார்கள். அப்புறமும் புத்தி வரவில்லை. 1969 ஜனவரியில் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தும் குழுவின் ஆல்பத்தில் அது வரவில்லை. 10ஆம் தேதி ஜார்ஜ் வெளியேறினார், சில நாள் கழித்துத்தான் திரும்பினார். 1970 நவம்பரில் அந்தப் பாட்டின் பெயரிலேயே மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தனி ஆல்பம் போட்டார்.

எங்கள் கிடார்காரரிடம் மூன்று பாட்டு இருந்தன. "முதல்ல இந்த ரெண்டையும் முடிச்சிடுவோம்" என்று ஐந்து நாளும் சொன்னது நான்தான். ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்கு அவர் முறை வந்தபோது டிரம்மர் கிளம்பிவிட்டிருந்தார். மறுநாளிலிருந்து கிடார்காரர் வரவில்லை. ஆறு பாட்டில் அவர் வாசிக்க வேண்டியது பாக்கி. ஸ்டுடியோ வாடகை மொத்தமும் போயிற்று, ஆல்பம் வெளிவரவே இல்லை. அவருடைய ஒரு பாட்டின் பல்லவி எனக்கு இன்னும் மனப்பாடம். நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

முதல் நாள் காலையில், எல்லாரும் தெம்பாக இருக்கும்போதே, குறைவாக எழுதுபவரின் பாட்டை எடுங்கள்.

எழுதியவரைக் கேட்காமல் பாட்டை மாற்றுவது

பீட்டில்ஸின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' பாட்டில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், அதை எழுதிய மெக்கார்ட்னியிடம் கேட்காமலே வயலின்களும் கோரஸும் சேர்த்தார். குழுவின் தொழில் கூட்டாண்மையைக் கலைக்க மெக்கார்ட்னி நீதிமன்றம் போனபோது அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

பாட்டு வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது

பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

சண்டை நடக்கும்போது கேமராவை உள்ளே விடுவது

வேண்டாம்.